குனிந்து பார்க்க வேண்டிய கார்

மொரிஸ் மைனர் காரின் பானட்டை நேர் எதிரே நின்று பார்த்தால், நட்டநடுவில் நான்கு அங்குல அகலத்துக்கு ஒரு பட்டை முன்னும் பின்னுமாக ஓடுவது தெரியும். அழகுக்காக வைத்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். 1947-ல் வண்டி ஏறக்குறைய உருவாகி முடிந்த நேரத்தில், அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸுக்கு ஏதோ உறுத்தியது. உயரத்துக்கு ஏற்ற அகலம் இல்லை என்று பட்டது. மாதிரி வண்டியை நீளவாக்கில் இரண்டாக அறுக்கச் சொன்னார். ஆட்கள் இரு பாதிகளையும் மெல்ல மெல்ல விலக்க, இவர் பார்த்துக்கொண்டே நின்று, ஓரிடம் வந்ததும் போதும் என்றார். அளந்தால் நான்கு அங்குலம். பானட்டின் அந்தப் பட்டை, விலகிய பாதிகளுக்கு நடுவில் வைத்து அடைத்த இடம். பம்பர்களை முன்பே செய்துவிட்டதால் அவற்றையும் நடுவில் வெட்டி, நான்கு அங்குலத் துண்டு ஒன்றை இணைத்தார்கள். தொடக்ககால வண்டி ஒன்று பார்க்கக் கிடைத்தால் பம்பரில் அந்த ஒட்டை விரலால் தடவிப் பார்க்கலாம். ஒரு மனிதர் தன் கண்ணை இவ்வளவு நம்பியிருக்கிறாரே என்ற வியப்பு எனக்கு இன்றுவரை அடங்கவில்லை.

1948 அக்டோபரில், லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் மைனர் வெளிவந்தது. நிறுவனத்தின் தலைவர் நஃபீல்டு பிரபுவுக்கு அதன் உருவம் பிடிக்கவே இல்லை. ஓட்டை உடைத்து வெந்நீரில் விட்டு வேகவைத்த முட்டை என்று அதைச் சொன்னார். அந்த முட்டைதான் 1960 டிசம்பரில் பத்து லட்சத்தை எட்டி, அந்த எண்ணிக்கையைத் தொட்ட முதல் பிரிட்டிஷ் கார் ஆனது. 1971-ல் தயாரிப்பு நிற்பதற்குள் பதினாறு லட்சத்துக்கு மேல் விற்றது. ஊர் ஊராகச் செல்லும் செவிலியர்களும், ரோந்து போகும் போலீசாரும், தபால் துறையினரும் அதை ஓட்டினார்கள். ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் கவுலி என்ற இடத்தில் பிறந்த இந்த வண்டி இங்கிலாந்தில் இன்றும் தெருவில் ஓடுகிறது; விற்பனைக்கும் வருகிறது. பழைய பிரிட்டிஷ் கார் ஒன்றை முதன்முதலாக வாங்க ஆசைப்படுகிறவருக்கு நான் மைனரைத்தான் சொல்வேன். எங்கே பார்த்து வாங்க வேண்டுமோ, அந்த இடங்களில்தான் இந்த வண்டியைச் செய்தவர்களின் யோசனையும் ஒளிந்திருக்கிறது. அதனால் பரிசோதனையே ஒரு ரசனையாகிவிடும்.

பார்ப்பது இன்று முன்பைவிட அவசியம். இங்கிலாந்தில் வண்டிகளுக்கு ஆண்டுதோறும் நடக்கும் எம்.ஓ.டி. என்ற தகுதிச் சோதனை, 40 வயது கடந்த, பெரிதாக மாற்றம் செய்யப்படாத வண்டிகளுக்கு 2018 மே மாதத்திலிருந்து கட்டாயமில்லை. எல்லா மைனர்களும் அந்த வயதைத் தாண்டியவை. அப்படியானால் கடைசியாக ஒரு சோதனையாளர் அடியில் படுத்துப் பார்த்தது எந்த ஆண்டில் என்பதை வாங்குபவர்தான் கேட்டறிய வேண்டும். பழைய சோதனை முடிவுகள் அரசின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. எந்த ஆண்டில் எந்த இடத்தில் துரு என்று எழுதியிருக்கிறார்கள், அடுத்த ஆண்டு அது சரியானதா, ஓடிய மைல் கணக்கு ஒழுங்காக ஏறியிருக்கிறதா என்று வீட்டிலிருந்தே பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். விருப்பத்தின் பேரில் ஆண்டுதோறும் சோதனைக்கு விட்டு வந்தவரிடம் வாங்குவது எப்போதும் நல்லது.

மைனருக்குத் தனியாகக் கழற்றி எடுக்கும் சேசிஸ் கிடையாது. உடம்பும் அடிச்சட்டமும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டவை. ஆகவே தரைத் தகட்டில் துரு ஏறினால் வண்டியின் பலமே குறைகிறது. இன்ஜின், கியர்பாக்ஸ், பிரேக் எதுவானாலும் இங்கிலாந்தில் உதிரிபாகம் கிடைக்கும், விலையும் தாங்கக்கூடியதே. தகடு வெட்டி ஒட்டும் வேலைக்கோ மணிக்கணக்கில் கூலி ஏறும். பளபளக்கும் பெயின்ட்டும் துருவேறிய அடிப்பாகமும் கொண்ட வண்டியைவிட, மங்கிய பெயின்ட்டும் திடமான அடிப்பாகமும் கொண்டதை நான் தயங்காமல் எடுப்பேன். பழைய உடுப்பும் ஒரு டார்ச்சும் எடுத்துப் போங்கள். தரையில் படுக்காமல் மைனர் வாங்க முடியாது.

படுத்ததும் முதலில் பார்க்க வேண்டியது முன் இருக்கைகளுக்கு அடியில் இடம் வலமாக ஓடும் குறுக்குச் சட்டம். முன்சக்கரங்களின் ஸ்பிரிங் வேலையைச் செய்வது நீளமான இரண்டு எஃகுக் கம்பிகள். டார்ஷன் பார் என்பார்கள். ஒவ்வொன்றின் முன்முனையும் சக்கரத்தைத் தாங்கும் கையோடு சேர்ந்திருக்கிறது; பின்முனை இந்தக் குறுக்குச் சட்டத்தில் இறுகப் பிடித்திருக்கிறது. சக்கரம் மேடுபள்ளத்தில் ஏறி இறங்கும்போது கம்பி ஈரத்துணியைப் பிழிவதுபோல் முறுக்கிக்கொண்டு, மறுகணம் தளர்கிறது. இடத்தை அடைக்கும் சுருள் ஸ்பிரிங் முன்பக்கம் கிடையாது. இன்ஜினை நன்றாக முன்னால் தள்ளி வைக்க முடிந்ததும், இவ்வளவு சிறிய காரில் நான்கு பேர் கால் நீட்டி உட்கார முடிந்ததும் இதனால்தான். நம்மூரில் அம்பாசிடர் ஓட்டியவர்களுக்கும் அடியில் படுத்து வேலை பார்த்தவர்களுக்கும் இந்தக் கம்பி பழக்கமானது. அம்பாசிடருக்கு மூலமான மொரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மைனரின் உறவுக்கார வண்டி. முன்பக்கத்தில் அதற்கும் டார்ஷன் பார்தான். மைனரே 1950-களில் பேபி ஹிந்துஸ்தான் என்ற பெயரில் இந்தியச் சாலைகளில் ஓடியது.

அந்தக் குறுக்குச் சட்டத்தின் இரு முனைகளிலும் சேறும் தண்ணீரும் தங்கும். குளிர்காலத்தில் அந்த நாட்டுச் சாலைகளில் உப்புத் தூவுவார்கள். அதுவும் போய்ச் சேரும். முனை இற்றால் கம்பிக்குப் பிடிமானம் போய்விடும். ஒரு ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். திடமான தகடு கணீரென்று ஒலிக்கும். இற்றுப்போன இடமும், மேலே வெறும் ஒட்டுப் போட்ட இடமும் மொத்தென்று சத்தம் தரும். பிறகு எழுந்து வந்து, சமதரையில் வண்டியை நிறுத்தி, பத்தடி தள்ளி நின்று பம்பர் தரைக்கு இணையாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் கம்பி வயதில் தளர்ந்திருக்கலாம்; அதை முறுக்கி உயர்த்திக்கொள்ள வழி உண்டு. சட்டம் விட்டுக்கொடுத்ததால் வந்த சாய்வு என்றால் கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம்.

பின்பக்கம் பட்டை ஸ்பிரிங்குகள். அவற்றை உடம்போடு பிணைக்கும் இடங்கள், முன்பக்கம் இன்ஜினைத் தாங்கி நீளும் சட்டங்கள், கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகடு, ஜாக்கி வைக்கும் இடம், டிக்கியின் தரை, மட்கார்டின் கீழ் விளிம்பு, முன்கதவுக் கீலுக்குக் கீழே கால் படும் உட்பக்கத் தகடு ஆகியவற்றையும் அதே ஸ்க்ரூடிரைவரோடு சுற்றி வாருங்கள். மெல்லிய துணியில் சுற்றிய காந்தம் ஒன்று பையில் இருக்கட்டும். பட்டி போட்டு மேவிய இடத்தில் அது பிடிக்காது. அடியில் புதிதாகக் கறுப்புத் தார்ப்பூச்சு அடித்திருந்தால் என் சந்தேகம் இருமடங்காகும். கதவைப் பாதி திறந்து, நுனியைப் பிடித்துச் சற்றே தூக்குங்கள். கதவு மட்டும் ஆடினால் கீலின் ஆணி தேய்ந்திருக்கிறது. மூடிய கதவின் இடைவெளி மேலே ஒடுங்கியும் கீழே விரிந்தும் தெரிந்தால் வண்டியின் நடுவே தொய்ந்திருக்கிறது. பின் மட்கார்டுகள் போல்ட்டால் மாட்டப்பட்டவை. உடம்போடு சேரும் வளைவில் ஒரு மெல்லிய பைப்பிங் ஓடும். அது நெளியாமல், பெயின்ட் வழியாமல், ஒரே கோடாக இறங்கியிருந்தால் அந்த வண்டியில் கை வைத்தவர் வேலை தெரிந்தவர். இந்த ஒரு கோட்டை மட்டும் நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருப்பேன்.

தகடுகள் பற்றி ஒரு செய்தி. சார்ல்ஸ் வேர் என்பவர் 1976-ல் பாத் நகரில் மைனர்களுக்கென்றே ஒரு நிலையம் தொடங்கினார். ஒரு காரை வாங்கி, தேய்ந்ததை மாற்றி மாற்றி ஆயுள் முழுக்க ஓட்டலாம் என்பது அவர் வாதம். அதை ஒரு புத்தகமாகவே எழுதினார். பின்னர் அவருடைய கூட்டில் மைனர் தகடுகளைச் செய்துகொடுக்கும் பட்டறை ஒன்று இலங்கையில் எழுந்தது. மொரிஸ் மைனரை வீட்டு உறுப்பினராகவே வைத்துப் போற்றிய தீவு அது. கவுலியில் அச்சு நின்றபின், அந்த வளைவுகளைத் தட்டி எடுக்கும் கைத்திறன் இலங்கையிலிருந்து கிடைத்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் மனம் நிறைகிறது.

இனி முன்சக்கரம். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது சக்கரம் ஒரு நிமிர்ந்த தண்டைச் சுற்றித் திரும்புகிறது. அந்தத் தண்டின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் மரை வெட்டியிருக்கும். ட்ரனியன் எனப்படும் ஒரு கூட்டுக்குள் அந்த மரை திருகி நிற்கிறது. அதாவது ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு திருகு தன் மரையில் இம்மியளவு ஏறி இறங்குகிறது. வண்டியின் முன்பாரமும் அந்த மரைகளின் வழியாகத்தான் தரைக்குப் போகிறது. எளிமையான, மலிவான, அழகான ஏற்பாடு. கேட்பது கிரீஸ் ஒன்றைத்தான். அதை மறந்தால் மரை உலர்ந்து, தேய்ந்து, ஒருநாள் தண்டு கூட்டைவிட்டுப் பிடுங்கிக்கொள்ளும். சக்கரம் மட்கார்டுக்குள் மடங்கி வண்டி முன்னங்காலில் உட்கார்ந்துவிடும். பெரும்பாலும் மெதுவாக முழுத் திருப்பம் திருப்பும்போது நடப்பதால் உயிருக்கு ஆபத்தின்றித் தப்பியவர்கள் அதிகம். அதை நம்பி இருக்க முடியாது. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பிறகு டார்ச்சோடு குனிந்து கிரீஸ் நிப்பிள்களைத் தேடுங்கள். நிப்பிளின் தலை துடைக்கப்பட்டு, கூட்டின் விளிம்பில் புதுக் கிரீஸ் மெல்லிய வளையமாகப் பிதுங்கியிருந்தால், கிரீஸ் துப்பாக்கியோடு சில ஆயிரம் மைலுக்கு ஒருமுறை யாரோ அங்கே மண்டியிட்டிருக்கிறார்கள். காய்ந்த மண்ணால் நிப்பிளே மூடிக்கிடந்தால் மற்றதையும் அப்படித்தான் வைத்திருப்பார்கள்.

மைனர் வகைகளில் என் மனம் முழுக்கப் போவது டிராவலரிடம். 1953-ல் வந்தது. பின்பாதி முழுவதும் ஆஷ் மரச்சட்டம். சட்டங்களுக்கு நடுவே தகடு. பின்னால் இரட்டைக் கதவு. மரம் ஒப்பனைக்கு வைத்தது என்று எண்ணி வாங்கி ஏமாந்தவர்கள் உண்டு. கூரையையும் பின்பக்கத்தையும் தாங்கி நிற்பது அந்த மரம்தான். எம்.ஓ.டி. சோதனையாளரும் அதை வண்டியின் எலும்பாகவே கணக்கில் கொள்வார். இற்றிருந்தால் தேர்ச்சி கிடைக்காது. பக்கவாட்டு ஜன்னல்கள் இழுத்துத் திறப்பவை. அவை ஓடும் கீழ்த்தடத்தில் மழைநீர் தேங்கும். அந்தத் தடத்தில் கண்ணை வைத்துப் பாருங்கள். வெயில் அதிகம் விழாத தோட்டத்தில் நின்ற வண்டி என்றால் அங்கே பச்சைப் பாசி முளைத்திருக்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். அதன் அடியில் மரம் என்ன நிலையில் இருக்கிறது என்று கட்டைவிரல் நகத்தால் அழுத்துங்கள். நகம் வழுக்கினால் நல்லது. பதிந்தால் உள்ளே ஈரம் புகுந்துவிட்டது.

மரச் சட்டங்கள் ஒன்றோடொன்று கூடும் மூலைகளில் கறுப்புக் கறை படிந்திருக்கிறதா என்று பாருங்கள். வார்னிஷ் விரிசல் விட்டு, தண்ணீர் இறங்கி, மரம் நிறம் மாறிய இடம் அது. மேலோட்டமான கறையைச் சுரண்டிப் புது வார்னிஷ் அடிக்கலாம். மூட்டுக்குள் இறங்கிவிட்டால் அந்தத் துண்டையே மாற்ற வேண்டும். சக்கர வளைவுக்கு மேலே போகும் நீண்ட அடிச்சட்டம் போயிருந்தால் செலவு கையைக் கடிக்கும். நல்ல டிராவலரின் மரத்தில் தேன் நிறத்தில் இழை ஓடும். வளைவான துண்டுகளில் அந்த இழை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைப் பின்தொடர்ந்தால் தச்சர் மரத்தை எப்படித் தேர்ந்தார் என்று புரியும். கூரையில் மழைநீர் வடியும் விளிம்பிலிருந்து பின்கதவின் கீல்வரை ஒரு தடவை விரலை ஓட்டிப் பாருங்கள். தொழிற்சாலையில் வரிசையாக வந்த காரில் இப்படி ஒரு மரவேலையை வாங்கி வைத்துக்கொள்ள இன்று வேறெங்கே போவது?

மேல்துணியை மடக்கித் திறக்கும் கன்வர்ட்டிபிளுக்கு விலை அதிகம். அதனால் சாதாரணக் காரின் கூரையை அறுத்து எடுத்த வண்டிகளும் சந்தைக்கு வந்திருக்கின்றன. தொழிற்சாலையில் செய்ததற்கு அடியிலும் கதவுத் தூணிலும் கூடுதல் பலத் தகடுகள் இருக்கும். வண்டி எண்ணும் காட்டிக்கொடுக்கும். மைனர் 1000 என்ற பிற்கால வகையின் எண் பெரும்பாலும் எம்.ஏ. (MA) என்று தொடங்கும், அடுத்து டி (T) என்ற எழுத்து வந்தால் திறந்த வண்டி, டபிள்யூ (W) வந்தால் டிராவலர். பத்து லட்சத்தை எட்டியதைக் கொண்டாட 1961-ல் இளஊதா நிறத்தில் சுமார் 350 வண்டிகள் செய்தார்கள், உள்ளே வெள்ளைத் தோல் இருக்கைகளோடு. அப்படி ஒன்று என்று சொல்லி விற்க வந்தால் ஆவணத்தை எண்ணோடு ஒப்பிடாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். ஸ்மோக் கிரே, ஆல்மண்ட் கிரீன், ரோஸ் டோப் என்று அந்தக் காலத்து நிறங்களுக்கே ஒரு அடக்கம் உண்டு. கார்ப்பெட்டைத் தூக்கியோ கதவின் உள்அட்டையைக் கழற்றியோ பார்த்தால் வண்டி எந்த நிறத்தில் பிறந்தது என்பது தெரிந்துவிடும்.

பானட்டைத் திறந்தால் சின்ன இன்ஜினைச் சுற்றித் தாராளமாக இடம் கிடக்கும். அகலமான, தட்டையான நான்கு சிலிண்டர் இன்ஜினை வைக்க இசிகோனிஸ் எண்ணியிருந்தார், அது கைகூடவில்லை. வேலை பார்ப்பவர்களுக்கு அந்த இடம் மிஞ்சியது. கையை முழங்கைவரை விட்டுத் துழாவலாம். முதலில் 918 சிசி பழைய பாணி இன்ஜின், 1952 முதல் ஏ-சீரிஸ் 803, 1956-ல் 948, 1962-ல் 1098. இரட்டைக் கண்ணாடியாகப் பிரிந்திருந்த முன்கண்ணாடி 1956-ல்தான் ஒன்றானது. தினமும் ஓட்ட நினைப்பவர் 1098-ஐத் தேடட்டும். அதற்கு முன்பிரேக்கும் பெரிது. சாவியைத் திருப்பிவிட்டு இன்ஜினை உயிர்ப்பிக்காமல் ஒரு நிமிடம் காத்திருங்கள். எஸ்.யு. பெட்ரோல் பம்ப் டிக் டிக் என்று வேகமாக அடித்து, நிதானித்து, நின்றுவிட வேண்டும். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் பெட்ரோல் எங்கோ கசிகிறது, அல்லது காற்றை உறிஞ்சுகிறது. பாட்டரி வைத்திருக்கும் தட்டை அமிலம் தின்றிருக்கிறதா என்பதையும் கையோடு பார்த்துவிடுங்கள்.

பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டர் பானட்டுக்குள் இல்லை. ஓட்டுநரின் காலடியில், அடிச்சட்டத்துக்குள் புதைந்திருக்கிறது. கார்ப்பெட்டைத் தூக்கி, மூடியைத் திறந்துதான் எண்ணெய் ஊற்ற வேண்டும். அதைக் கழற்ற டார்ஷன் பாரையும் அசைத்தாக வேண்டும். மைனரில் எனக்குப் பிடிக்காத ஒரே ஏற்பாடு இது. கார்ப்பெட் ஈரமாக இருந்தாலோ, சுற்றிலும் பெயின்ட் உரிந்திருந்தாலோ அந்த வேலையின் கூலியை விலையில் கழித்துக் கேளுங்கள்.

1961-க்கு முந்திய வண்டியாக இருந்தால், புறப்படுமுன் கதவுத் தூணிலிருந்து வெளியே நீளும் இண்டிகேட்டர் கையைப் போட்டுப் பாருங்கள். ஆரஞ்சு நிறக் கை டக்கென்று நீண்டு, உள்விளக்கு எரிந்து, மறுபடி தூணுக்குள் மறைய வேண்டும். முதல் கியரில், பற்சக்கரங்களின் வேகத்தை ஒத்திசைக்கும் சிங்க்ரோ கிடையாது. நின்ற பிறகே போடவும். முதல் கியரும் ரிவர்ஸும் முனகும், அது பிறவிக் குணம். மூன்றாவதில் காலைத் தளர்த்தும்போது கியர் தானாக வெளியே துள்ளினால் அது கோளாறு. ஸ்டீயரிங் ரேக் அண்ட் பினியன். அந்நாளைய மலிவுக் கார்கள் பலவற்றில் கைப்பிடியைப் பாதிச் சுற்று சுற்றினாலும் சக்கரம் யோசித்துத்தான் திரும்பும். மைனரில் இரண்டு விரலால் கோடு பிடித்துப் போகலாம். நடுவில் துளி ஆட்டம் இருந்தாலும் கேளுங்கள். இரண்டாம் கியரில் இறக்கத்தில் காலை எடுத்தால் பின்னால் சைலன்சரிலிருந்து ஒரு குறும்பான ‘பர்ர்’ ஒலி எழும். மைனர்காரர்கள் அந்த ஒலிக்காகவே சற்று முன்னதாகக் காலை எடுப்பார்கள்.

திரும்பி வந்ததும் உடனே விலை பேச வேண்டாம். பத்து நிமிடம் வண்டி நிற்கட்டும். ஏ-சீரிஸ் இன்ஜினின் பின்முனையில், எண்ணெயைத் தடுக்க இன்று இருக்கும் ரப்பர் சீல் இல்லை. தண்டிலேயே வெட்டிய சுருள் பள்ளம் எண்ணெயை உள்ளுக்குத் திருப்புகிறது. கொஞ்சம் தப்பும். தப்பியது கிளட்சில் படாமல் இருக்க அந்தக் கூட்டின் அடியில் ஒரு துளை வைத்து, துளை அடைத்துக்கொள்ளாமலிருக்க அதில் ஒரு ஸ்ப்ளிட் பின்னைத் தளர்வாகத் தொங்கவிட்டார்கள். வண்டி ஓடும் அதிர்வில் பின் தானாக ஆடித் துளையைச் சுத்தம் செய்துகொண்டே இருக்கும். மறுபடி ஒருமுறை படுத்து அதைச் சுண்டிப் பாருங்கள். பின் ஆட வேண்டும். தரையில் ஒன்றிரண்டு சொட்டு இருந்தால் பரவாயில்லை, குட்டையாகத் தேங்கினால் இன்ஜினை இறக்கும் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு பேச உட்காருங்கள்.